காப்பீட்டு அட்டைக்குச் சட்டம் எதற்கு?

ஒரு வாசகர் கேட்டது, 22 மார்ச் 2023

ராஜஸ்தான் சட்டசபையில் நேற்று மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேறிவிட்டது. அவசரம் என்று வருகிறவரிடம் முன்பணம் கேட்கக் கூடாதாம். நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பத்து வருடத்துக்கு மேல் ஓடுகிறது, அதற்கு ஏன் இன்னும் சட்டம் இல்லை? சட்டமாக்கினால் ஏதாவது மாறுமா, இல்லை அதுவும் இன்னொரு காகிதம்தானா?

22 மார்ச் 2023, இரவு

மாறும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், போன அக்டோபரில் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய தகுதி.

அப்பாவுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் ஓடினோம். அட்டை செல்லும் ஆஸ்பத்திரிதான், வாசலிலேயே திட்டத்தின் போர்டு பெரிதாக இருந்தது. உள்ளே காப்பீட்டுக்கென்று ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு பையன். அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ரூவல் வர நேரமாகும் சார், டாக்டர் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. அப்புறம் பேக்கேஜ்ல வர்ற ஸ்டென்ட் சாதா ஸ்டென்ட், டாக்டர் வைக்கிறது வேற. முப்பத்தெட்டு கட்டிடுங்க" என்றான். பேக்கேஜ் என்பது ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று திட்டம் நிர்ணயித்த தொகை, ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சிறு குழல். அந்த நேரத்தில் யார் நின்று விதி பேசுவார்கள்? வீட்டில் இருந்த வளையல் நகைக்கடன் கடைக்குப் போனது. பணத்துக்கு ரசீது கேட்டேன், ஒரு துண்டுச் சீட்டில் 38 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பெயர்கூட அதில் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று வந்த பில்லில் நோயாளி கட்டியது பூஜ்ஜியம். "எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை" என்று அச்சடித்த படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டால்தான் கோப்பு நகரும் என்றார்கள்.

இந்தத் திட்டம் முழுக்க அரசாணையில் நிற்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் தொடங்கியதும் அரசாணைதான், 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவிட்டு 2012 ஜனவரி 11ஆம் தேதி வேறு பெயரில் கொண்டுவந்ததும் அரசாணைதான். ஆணையால் கொடுப்பதை ஆணையால் எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு நாலு வருடத்தில் நாலு லட்சம் வரை உரிமை உண்டு என்று பலகையில் போட்டிருக்கிறார்கள், ஆனால் 'உரிமை' என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. சட்டமாக இருந்திருந்தால் அந்தப் பையன் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டிருக்க மாட்டான்.

23 மார்ச் 2023

நேற்று நாலு லட்சம் என்று எழுதினேன், தப்பு. அது 2012 கணக்கு, அப்போது வருடத்துக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைக்கு மட்டும் ஒன்றரை. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்த பிறகு வருடத்துக்கு 5 லட்சம் ஆகிவிட்டது. அப்பாவின் அட்டை பழசு, அதைப் பார்த்துப் பார்த்து அந்தக் கணக்கே மனசில் தங்கிவிட்டது. 2009இல் இருந்ததோ நாலு வருடத்துக்கும் சேர்த்து மொத்தமே ஒரு லட்சம்.

இன்னொன்று. வருட வருமானம் 72,000க்குள் இருந்தால்தான் அட்டை என்பது பழைய விதி. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது 1,20,000 ஆக்கினார்கள். வருமானச் சான்றில் கிராம நிர்வாக அலுவலர் போடும் கையெழுத்தை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தால், பத்து வருடம் தமிழ்நாட்டில் பாதிப்பேர் சரியாக 72,000 சம்பாதித்துக்கொண்டிருந்தோம், அப்புறம் ஒரே பொங்கலில் எல்லாருக்கும் சம்பள உயர்வு. கொத்தனார் ஒருவர் மாதம் பதினைந்து நாள் வேலைக்குப் போனாலே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார், அவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள், எழுதுவதுதான் நியாயம். ஆனால் பொய்ச் சான்றில் தொடங்கும் உறவில் நாம் சத்தம் போட்டுக் கேட்க மாட்டோம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி மேசைக்கும் தெரியும்.

25 மார்ச் 2023

வழக்கறிஞர் நண்பர் ஒருவர் நான் எழுதியதைப் படித்துவிட்டுத் திட்டினார். அரசாணை என்றால் வெறும் காகிதம் என்று எவன் சொன்னான், அரசு தன் ஆணையைத் தானே மீறினால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசைத் தன் கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்கும் மனு) போடலாம் என்றார். சரி. ஆனால் மீறியது அரசு இல்லையே, தனியார் ஆஸ்பத்திரி. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, அது எனக்குப் புதுசு.

1995இல் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று சொல்லியிருக்கிறது. ஆக, இலவசமாகத்தானே பார்த்தோம் என்று அட்டை நோயாளியிடம் ஆஸ்பத்திரி சுலபமாகக் கையை விரிக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இதை ஒரு ஆஸ்பத்திரி சுவரிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

"உன்கிட்ட ரசீது இருக்கா?" என்று கடைசியில் கேட்டார். துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

26 மார்ச் 2023

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அங்கேயும் ஏன் அட்டை கேட்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே நடக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் வருகிறது. அது அந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கருவி வாங்க, பராமரிக்க உதவுகிறது, ஒரு பங்கு டாக்டர், நர்ஸ், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. அங்கே அட்டையைக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், உங்களுக்கு நஷ்டம் இல்லை, கட்டிலுக்கு லாபம்.

30 மார்ச் 2023

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தோரணையில் முதல் நாள் எழுதிவிட்டேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது. ஏனென்றால் சட்டத்தில் நிற்கும் காப்பீடு ஒன்றில் நானே பதினோரு வருடம் இருந்திருக்கிறேன். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு.

1948ஆம் வருடச் சட்டம். சம்பளத்தில் நமக்கு 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி 3.25 போடுகிறார். தகராறு வந்தால் அதற்கென்றே ஈட்டுறுதி நீதிமன்றம் உண்டு. எந்த ஆட்சி வந்தாலும் பெயர் மாறாது, எந்தத் தலைவர் படமும் அட்டையில் இல்லை. காகிதத்தில் பார்த்தால் நான் கேட்கிறதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் மருந்தகத்தில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு ஜன்னலை அடைந்து, "இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பிய நாள்கள் எனக்கு நிறைய. மில்லில் பாதிப்பேர் பிடித்தம் கொடுத்துவிட்டு, காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் பார்த்தோம். உரிமை இருந்தது. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கூட வேலை பார்த்த ஒருவருக்கு மிஷினில் விரல் போனபோது மாதாமாதம் ஊனப்பணம் வந்தது, இன்னும் வருகிறது. நிர்வாகம் மாறியது, மேலாளர் மாறினார், அது மட்டும் நிற்கவில்லை. காய்ச்சலுக்குக் கைகொடுக்காத சட்டம் அங்கே கைகொடுத்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் என்னை இ.எஸ்.ஐ. கைவிட்டது. முதலமைச்சர் அட்டைக்கோ மாதம் 10,000 தாண்டினாலே நான் பணக்காரன். நான் இப்போது இரண்டுக்கும் வெளியே, தனியார் பாலிசி கட்டுகிறேன். அப்பா தனிக் குடும்ப அட்டை, அதனால்தான் அவருக்கு இருக்கிறது.

1 ஏப்ரல் 2023

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு திருத்தம், பழைய சக ஊழியர் போன் போட்டுச் சொன்னது. 21,000 தாண்டிய மறுநாளே வெளியே தள்ளிவிட மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று சந்தா காலம் இரண்டு. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தமும் தொடரும், பாதுகாப்பும் தொடரும். எனக்கு மே மாதம் கூடியது, செப்டம்பர் வரை பிடித்திருக்கிறார்கள். அந்த ஐந்து மாதமும் நான் தனியாகக் காசு கொடுத்து வைத்தியம் பார்த்தேன். முட்டாள் தினத்தன்று தெரிந்துகொண்டது பொருத்தம்தான்.

5 ஏப்ரல் 2023

கேள்வி கேட்டவர் மறந்துபோனாரோ என்னவோ, ராஜஸ்தானில் நேற்று சமரசம் ஆகிவிட்டது. சட்டம் நிறைவேறியதில் இருந்து தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவசரச் சிகிச்சையை முன்பணம் வாங்காமல் செய்ய வேண்டும், நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு திருப்பித் தரும் என்பதுதான் சட்டத்தின் நடுத்தண்டு. டாக்டர்கள் கேட்டது, எது அவசரம், யார் தீர்மானிப்பது, அரசு எப்போது தரும். மூன்றுக்கும் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை என்பது அவர்கள் வாதம்.

முடிவில் எட்டு அம்ச ஒப்பந்தம். 50 கட்டிலுக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு. அரசிடம் இலவசமாகவோ சலுகையிலோ நிலம் வாங்கியவை, தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் போன்றவை உள்ளே. ஒரு சின்ன ஊரில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி எல்லாமே 50க்குக் கீழேதான் இருக்கும். ஆக, பெரிய ஊருக்கு உரிமை, சின்ன ஊருக்குப் பேருந்து. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்ததற்கு 25,000 வரை அபராதம் என்று இருக்கிறது. எங்கள் துண்டுச் சீட்டுத் தொகையே அதைவிட அதிகம்!

நிலம் வாங்கியவன் கடமைப்பட்டவன் என்ற யோசனை மட்டும் எனக்குப் பிடித்தது. அது நியாயமான கணக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். அவசரத்துக்கு முன்பணம் கேட்காதே என்பதில் ஒரு பகுதி நம்மிடம் ஏற்கெனவே ஆணையாக ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரம் ஒரு லட்சம் வரை அரசு பார்க்கும், அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. டாக்டர்கள் யாரும் தெருவுக்கு வரவில்லை. விபத்து என்றால் எது அவசரம் என்ற கேள்வியே எழாது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதும் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. நெஞ்சுவலிக்கும் அப்படி எழுத முடியாதா என்ன.

9 ஏப்ரல் 2023

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மைத்துனர் முறையில் ஒருவர் இருபது கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்கு எழுதுகிறார் (அப்பா படுத்திருந்த இடம் இல்லை). நேற்று கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் 38,000 கதையைச் சொன்னேன். அனுதாபப்படுவார் என்று பார்த்தால், "மாமா, பேக்கேஜ் ரேட் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. திட்டம் நிர்ணயித்த தொகைக்குள் டாக்டர் சம்பளம், மருந்து, கட்டில், சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். அனுப்பிய பில்லில் ஒரு ஸ்கேன் படம் குறைந்தால் திரும்பி வரும், மறுபடி அனுப்பிய பிறகு பணம் வர மாதங்கள் ஆகும். அதுவரை மருந்துக் கம்பெனிக்காரனுக்கு யார் பதில் சொல்வது? சில இடம் நஷ்டத்தைத் தாங்குகிறது, சில இடம் அட்டை நோயாளியை எடுப்பதைக் குறைக்கிறது, சில இடம் துண்டுச் சீட்டு எழுதுகிறது. மூன்றாவதை அவர் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நான் அதுவரை ஒரே ஒரு வில்லனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு போட்ட 2022 ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு வருட பிரீமியம் 849 ரூபாய், சுமார் 1.37 கோடிக் குடும்பம். 1,160 கோடியை ஒட்டி வருகிறது. பெரிய தொகைதான். 849ஐ மட்டும் தனியாகப் பார்த்தால், நான் என் குடும்பத்துக்குக் கட்டும் தனியார் பாலிசியில் அது இரண்டு வாரத்துக்குக்கூடப் போதாது. எல்லாரும் நோயாளி ஆவதில்லை, மொத்தமாக வாங்கினால் மலிவு, அதெல்லாம் புரிகிறது. இருந்தாலும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மைத்துனர் பேச்சு கொஞ்சம் உறைத்தது.

ஆகவே சட்டம் என்று ஒன்று வந்தால் அதில் ஆஸ்பத்திரிக்கும் ஒரு உரிமை வேண்டும். இத்தனை நாளில் பணம் வராவிட்டால் வட்டி. அது இல்லாமல் நோயாளியின் உரிமையை மட்டும் எழுதினால், போர்டைக் கழற்றிவிட்டுத் திட்டத்தில் இருந்தே வெளியே போய்விடுவார்கள். அப்புறம் நம்மிடம் உரிமை இருக்கும், ஆஸ்பத்திரி இருக்காது.

20 ஏப்ரல் 2023

எதிர்வாதம் ஒன்று, அம்மாவிடமிருந்து. "சத்துணவுக்கு என்ன சட்டம் இருந்தது? யாராவது நிறுத்த முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவர் ஊர்ப் பள்ளியில் 1982இல் இருந்து சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை முப்பது வருடம் அது ஆணையில்தான் ஓடியது. ஆட்சி மாற மாற முட்டை கூடியதே தவிர, அடுப்பு அணையவில்லை. காப்பீடும் அப்படித்தானே, 2011இல் நிறுத்தினார்கள், பெயரை மாற்றினார்கள், ஆனால் திரும்ப வந்தபோது தொகை கூடித்தான் வந்தது. ஓட்டு காக்கும்போது சட்டம் எதற்கு?

பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது. சத்துணவு நின்றால் ஊருக்கே ஒரே நாளில் தெரியும், ஆயிரம் பிள்ளைகள் தட்டோடு நிற்பார்கள். அட்டை வேலை செய்யவில்லை என்பது ஒரு வீட்டுக்கு மட்டும், விடியற்காலை நாலு மணிக்கு, தெரியும். ஓட்டு திட்டத்தைக் காக்கும், மேசை முன்னால் நிற்கிற ஆளைக் காக்காது. முதல் நாள் நான் கலைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சட்டம் கேட்டேன். அந்தப் பயம் தேவையில்லை, அம்மா சொல்வது சரி. அந்தக் காரணத்தை வாபஸ் வாங்குகிறேன்.

11 ஜூன் 2023

நீண்ட நாள் கழித்து. புகார் சொல்ல இடமே இல்லை என்று இரண்டு மூன்று பேரிடம் நேரில் சொல்லித் திரிந்தேன், அதுவும் தப்பு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் குறைதீர்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எடுக்கும் அறையிலேயே மனு வாங்கிக்கொண்டார்கள். நாலு முறை போனேன். மூன்றாம் முறை, நான் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தைக் காட்டி, "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்றார்கள். நாலாம் முறை போவதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்தே போன் வந்தது. 20,000 தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்று. வாங்கிவிட்டேன். வளையல் திரும்ப வந்தது. மீதி 18,000க்காக நுகர்வோர் ஆணையம் போகவில்லை, வழக்கறிஞர் நண்பர் இன்னும் அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வாபஸ் வாங்கியதால் அந்த மனு புகார்க் கணக்கிலேயே வராது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

17 மார்ச் 2024

பழைய பக்கத்தை யாரோ தோண்டி எடுத்து, ராஜஸ்தானில் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார்கள். டிசம்பரில் அங்கே ஆட்சி மாறியது. 25 லட்சம் வரை தந்துகொண்டிருந்த சிரஞ்சீவி என்ற அந்த மாநிலக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இப்போது வேறு பெயர். நம் 2011, 2012 நினைவுக்கு வருகிறது. உரிமைச் சட்டத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை, அதற்கான விதிகளைத்தான் இன்னும் வெளியிடவில்லை. விதி இல்லாமல் சட்டம் என்ன செய்யும், சும்மா இருக்கும்.

முதலில் கேட்டவர் கீழே ஒற்றை வரியில், "அப்போ பதில் ஆமாவா இல்லையா?" என்கிறார். ஆமாம்தான். ஆனால் உரிமை என்று பெரிதாகத் தொடங்கும் சட்டம் எனக்கு வேண்டாம். அட்டை நோயாளியிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அச்சடித்த ரசீது, டிஸ்சார்ஜுக்கு முன்னால் "பணம் வாங்கவில்லை" என்று கையெழுத்து வாங்கத் தடை, ஆஸ்பத்திரிக்குப் பணம் தர நாள் கெடு, வாபஸ் ஆனாலும் மனுவை எண்ணிக் கணக்கில் காட்ட வேண்டும். இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் ஐந்து வருடத்துக்குப் போட்டது, அடுத்ததைப் போடும்போது சேர்க்கலாம்.

அப்பா நலம். ஸ்டென்ட் சாதாவா நல்லதா என்று போன மாதம் செக்கப்பில் வேறொரு டாக்டரிடம் கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் வைக்கிறதுதான் என்றார்.